கனம் கோர்ட்டார் அவர்களே, கணினி பொய் சொல்லாது

கோட் எழுதுகிறவர்கள் நான்கு பேர் கூடினால் ஒரு பழைய சண்டை கிளம்பும். நல்ல கோட் எது, கெட்ட கோட் எது? ஃபங்ஷன் இருபது வரியைத் தாண்டக் கூடாது என்பார் ஒருவர். வேரியபிளுக்கு வைக்கிற பெயரிலேயே ஆளின் யோக்கியதை தெரிந்துவிடும் என்பார் இன்னொருவர். ஸ்பேஸா டேபா என்ற கேள்வியில் பேச்சுவார்த்தை முறிந்துபோன டீம்கள் உண்டு. இனி இந்த வழக்கை யாரும் இழுத்தடிக்க வேண்டாம். பிரிட்டன் போஸ்ட் ஆபீஸ் கால் நூற்றாண்டு ஆராய்ச்சி செய்து முடிவைச் சொல்லிவிட்டது. எந்த கோட் பிசகினால், எழுதிக்கொடுத்த கம்பெனிக்கு ஒப்பந்த நீட்டிப்பும், வாங்கிய நிறுவனத்தின் தலைவிக்கு அரண்மனை விருதும், பொத்தானை அமுக்கிய கடைக்காரிக்கு ஜெயிலும் கிடைக்கிறதோ, அதுவே நல்ல கோட். பெயர் ஹொரைசன்.

பூர்வ கதையைச் சுருக்கிவிடலாம். அதில் வீரதீரம் ஒன்றும் இல்லை. 1996-இல் ஐசிஎல் பாத்வே என்ற கம்பெனிக்கு ஒப்பந்தம் கிடைத்தது. அரசு உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு ஒரு அட்டை, அதைத் தேய்த்துப் பணம் கொடுக்க ஊர் ஊராக போஸ்ட் ஆபீஸ் கவுன்ட்டரில் ஒரு கணினி. ஐசிஎல்லின் சொந்தக்காரர் ஜப்பானின் ஃபுஜிட்சு. தேதி தள்ளிக்கொண்டே போனது. 1999-இல் உதவித்தொகைத் துறை கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டது. அட்டை போயிற்று, கணினி மிச்சம். மிச்சமானதை வீணாக்கலாமா? நாட்டின் போஸ்ட் ஆபீஸ் கிளைகளின் கணக்கு வழக்கு முழுவதையும் அதன் கையில் கொடுத்தார்கள்.

அந்தக் கிளைகளை நடத்துகிறவர்கள் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர்கள் அல்லர். சப்-போஸ்ட்மாஸ்டர் என்று பட்டம். பாலும் ரொட்டியும் பிறந்தநாள் வாழ்த்து அட்டையும் விற்கிற கடையின் ஓரத்தில் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதற்குப் பின்னால் ஸ்டாம்பு, பென்ஷன், கார் வரி. சேமிப்பைப் போட்டு, கடன் வாங்கி, வீட்டை அடமானம் வைத்துப் பிடித்த கடைகள். இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் போய்ச் சேர்ந்த குடும்பங்கள் இதில் நிறைய. தன் கவனக்குறைவால் பணம் குறைந்தால் சப்-போஸ்ட்மாஸ்டர் ஈடுகட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. எப்படிக் குறைந்தாலும் கட்ட வேண்டும் என்று போஸ்ட் ஆபீஸ் அதைப் படித்தது. படிப்பதிலும் பக் உண்டு போலிருக்கிறது.

இனி அந்த நிரலுக்குக் கொஞ்சம் கிட்டே போவோம். கணக்கில் ஒரு எண்ணின் குறியை மாற்ற வேண்டிவரும். 10 பவுண்டு வரவு ரத்தானால் அது மைனஸ் 10 ஆக வேண்டும். எண்ணுக்கு முன்னால் ஒரு மைனஸ் போட்டால் தீர்ந்தது; ஏற்கெனவே மைனஸ் இருந்தால் இரண்டும் சேர்ந்து பிளஸ் ஆகிவிடும். ஏழாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிட்டு விளையாடப் போய்விடும். ஹொரைசனில் இதற்கென்றே ஒரு ஃபங்ஷன் இருந்தது. எண் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கிறதா என்று அது முதலில் பார்க்கும். இருந்தால் மைனஸை உரித்துப் போடும். இல்லாவிட்டால் எண்ணை இரண்டால் பெருக்கி, வந்ததை அதே எண்ணிலிருந்து கழிக்கும். 10 வந்தால் இரட்டித்து 20. 10-இல் 20 போக மைனஸ் 10. தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டாகிவிட்டது.

விடை சரிதான். அதுதான் இதில் விசேஷம். எந்த டெஸ்டர் வந்து எந்த எண்ணைப் போட்டுப் பார்த்தாலும் பாஸ். பச்சை டிக் விழும், மேனேஜரின் எக்ஸெல் தாளில் ஒரு கட்டம் நிறம் மாறும், அந்தக் கட்டத்தைக் காட்டி ஒரு இன்வாய்ஸ் போகும். கெட்ட கோட் என்றால் தப்பான விடை சொல்லும் என்று நம்புகிறவர்கள் இந்தத் தொழிலுக்குப் புதுசு. இது சரியான விடையைச் சொன்னது; கூடவே, எழுதியவருக்குக் கழித்தல் தெரியாது என்பதையும் சொன்னது. அவர் இருந்த குழுவிடம்தான் ஒரு தேசத்தின் கவுன்ட்டர் பணத்தைக் கூட்டிக் கழிக்கும் வேலை போயிருந்தது.

இதை நான் தோண்டி எடுக்கவில்லை. 1998-இல் அந்தக் கம்பெனிக்குள்ளேயே இருவர் எழுதிய அறிக்கையில் இருக்கிறது. கவுன்ட்டர் விற்பனைப் பகுதியில் பிழைகள் மலைபோலக் குவியவே, ஒரு பணிக்குழு போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தவர்கள், இந்த ஃபங்ஷனை அப்படியே எடுத்து ஒட்டி, எழுதியவருக்கு அடிப்படைக் கணிதமும் தெரியவில்லை, நிரல் எழுதும் அரிச்சுவடியும் தெரியவில்லை என்று கறாராகக் குறிப்பும் எழுதினார்கள். ஒட்டுமேல் ஒட்டுப் போட்டு மொத்தமும் சீரழிகிறது என்றார்கள். திரும்ப எழுதுவதே வழி என்றார் அவர்களில் ஒருவரான டேவிட் மெக்டொனல். 2000 மே மாதம் நிர்வாகம் விவகாரத்தை மூடியது. அதன் சாரம்: திரும்ப எழுதும் செலவுக்குப் பதில், தொடர்ந்து பராமரிக்கும் செலவை ஏற்றுக்கொள்கிறோம்.

என்ன பெருந்தன்மை! செலவை ஏற்றுக்கொள்கிறார்களாம். யாருடைய செலவு? ஹாம்ப்ஷையரில் சவுத் வார்ன்பரோ என்ற கிராமத்தில் ஜோ ஹாமில்டன் என்ற பெண் கடையும் கிளையும் நடத்திவந்தார். ஒருநாள் கணக்கில் 2,000 பவுண்டு குறைகிறது என்று திரை சொன்னது. ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டார். அங்கிருந்தவர் சொன்ன பொத்தான்களைச் சொன்ன வரிசையில் அமுக்கினார். கண்ணெதிரே 2,000 பவுண்டு 4,000 ஆயிற்று. உதவி என்றால் இதல்லவா உதவி. வீட்டின் மேல் மறுபடி கடன் வாங்கிக் கட்டினார். குறை வளர்ந்துகொண்டே போய் 36,000 பவுண்டில் நின்றது.

ஐ.டி. கம்பெனிகளில் 'டெக்னிக்கல் டெட்' என்று ஒரு பேச்சு அடிபடும். இன்று டெட்லைனுக்குப் பயந்து அள்ளித் தெளித்தால் நாளை வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும் என்பது பொருள். மீட்டிங்கில் இதைச் சொல்லும்போது எல்லோரும் பெருமூச்சு விட்டுச் சிரிப்பார்கள். இங்கே கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது கம்பெனி. வட்டிக்கு வீட்டை அடமானம் வைத்தது சவுத் வார்ன்பரோ. 36,000 பவுண்டை அந்தப் பெண் திருடினார் என்பது வழக்கு. பொய்க்கணக்கு எழுதியதை ஒப்புக்கொள், பணத்தைக் கட்டு, ஹொரைசனைக் குறை சொல்லாதே, திருட்டுக் குற்றச்சாட்டை விட்டுவிடுகிறோம் என்று பேரம் பேசப்பட்டது. பொய்க்கணக்கு எப்படி வந்தது தெரியுமா? கணக்கு நேராகிவிட்டது என்று கையெழுத்திடாமல் அடுத்த கணக்குக் காலத்துக்குக் கிளையைத் திறக்க முடியாது. கட்டப் பணம் இல்லாதவர், திரை கேட்ட பொய்யைத் திரைக்குக் கொடுத்தார். கணினி கேட்டு வாங்கிய பொய் அது. கிராமத்து ஜனங்கள் வசூல் செய்து பணம் கட்டினார்கள். அவருக்குச் சிறை தப்பியது, குற்றவாளிப் பட்டம் தப்பவில்லை.

ஹெல்ப்லைனில் இன்னொரு நேர்த்தியும் இருந்தது. போன் செய்த பலரிடமும் ஒரே வாசகம்: உங்கள் ஒருவருக்குத்தான் இப்படி, வேறு யாருக்கும் இல்லை. யார்க்‌ஷையரின் பிரிட்லிங்டனில் லீ காஸில்டன் 91 முறை போன் செய்தார். ஒரே ஆள் 91 முறை கூப்பிட்டால் மென்பொருளில் கோளாறு இருக்கலாம் என்று சாதாரண மூளைக்குத் தோன்றும். போஸ்ட் ஆபீஸுக்கு அவரிடம்தான் கோளாறு என்று தோன்றியது. சுமார் 25,000 பவுண்டுக்கு அவர்மேல் வழக்குப் போட்டார்கள். வக்கீலுக்குக் காசில்லாமல் அவரே நின்று வாதாடினார். 2007-இல் தோற்றார். எதிர்த்தரப்பின் செலவாக 3,21,000 பவுண்டு கட்டச் சொன்னார்கள், திவாலானார். 25,000-ஐ வசூலிக்க 3,21,000 செலவழித்த நிறுவனத்தின் கணக்கறிவை அந்த ஃபங்ஷன் எழுதியவரோடு ஒப்பிடக் கூடாது. பாவம், அவருக்கு விடையாவது சரியாக வந்தது.

பொத்தான் விஷயத்துக்கு வருவோம். லிஃப்ட் வரவில்லையென்று நாம் பத்துத் தடவை பொத்தானை அமுக்கினாலும் ஒரே லிஃப்ட்தான் வரும். பண விவகாரத்தில் கோட் எழுதுகிறவருக்கு இது முதல் பாடம்: ஆள் எத்தனை தட்டுத் தட்டினாலும் காரியம் ஒரு தடவைதான் நடக்க வேண்டும். ஏனென்றால் திரை உறைந்தால் மனிதர் தட்டத்தான் செய்வார். ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டன் கிளையில், 2015-இல், துணைக்கிளைக்கு 8,000 பவுண்டு கொண்டுபோனதைப் பதிவு செய்தபோது திரை நகரவில்லை. அந்த அம்மாள் என்டரைத் தட்டினார். மறுபடி தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் இன்னொரு 8,000 வந்து சேர்ந்ததாக ஹொரைசன் அக்கறையாக எழுதிக்கொண்டது. முடிவில் 24,000 பவுண்டு குறை. இந்த பக் 2010-இலிருந்தே உயிரோடு இருந்தது என்று பின்னால் கோர்ட்டில் தெரிந்தது. ஃபால்கர்க்கில் காலண்டர் ஸ்கொயர் என்ற கிளையின் பெயரைத் தாங்கிய இன்னொரு பக், ஒரு கவுன்ட்டர் செய்தது மற்றொரு கவுன்ட்டருக்குத் தெரியாமல் ஒரே பண மாற்றத்தை மறுபடி பதியவிட்டு, 2000 முதல் 2006 வரை ஆயுள் வாழ்ந்தது. பக்குகளுக்கு ஊர்ப் பெயர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள், புயலுக்குப் பெயர் வைப்பதுபோல. ஊர்க்காரர்களுக்கு மட்டும் எச்சரிக்கை இல்லை.

பக் இல்லாத மென்பொருள் உலகத்தில் இல்லை. அதற்காக யாரையும் தூக்கில் போடச் சொல்லவில்லை. ஆனால் பக் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அதை எங்கே எழுதி வைத்தார்கள், யாரிடம் மறைத்தார்கள் என்பதில்தான் தொழிலின் யோக்கியதை இருக்கிறது. ஃபுஜிட்சுவின் சப்போர்ட் ஆட்கள் தெரிந்த பிழைகளுக்கென்றே ஒரு பதிவேடு வைத்திருந்தார்கள். ஒழுங்காக, தேதி போட்டு, அறிகுறி எழுதி. நல்ல பழக்கம், கல்லூரியில் சொல்லிக்கொடுக்கலாம். கிளைக்காரர்களின் வக்கீல்கள் அதைக் கேட்டபோது, வழக்குக்குச் சம்பந்தமில்லாத சமாச்சாரம் என்று போஸ்ட் ஆபீஸ் தரப்பு தட்டிக்கழித்தது. டிக்கெட்டை க்ளோஸ் செய்துவிட்டு டீக்குப் போன ஒவ்வொருவருக்கும் எங்கோ ஒரு மூலையில் ஒரு மனுஷி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறாள் என்று தெரிந்திருக்காது; சரி. எல்லோருக்குமா தெரியாது?

சட்டம் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்பீர்கள். அழகான வேலை செய்தது. கணினி தந்த காகிதத்தைச் சாட்சியமாகக் கொண்டுவந்தால், அந்தக் கணினி ஒழுங்காக வேலை செய்தது என்று கொண்டுவந்தவர் காட்ட வேண்டும் என 1984-ஆம் வருடச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு சொன்னது. தொல்லை பிடித்த பிரிவு என்று சட்ட ஆணையம் 1997-இல் அதை எடுக்கச் சொல்லிற்று. 1999-இல் எடுத்தார்கள், 2000-இல் அமலுக்கு வந்தது. மாறாக நிரூபிக்கப்படாதவரை கணினி சரியாகவே இயங்கியதாகக் கொள்க. கிளை கிளையாக ஹொரைசன் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த அதே மாதங்கள். கடைக்காரர்தான் இனி நிரூபிக்க வேண்டும். எதை வைத்து? நிரலைப் பார்க்க அனுமதியில்லை, லாக் கையில் இல்லை, பிழைப் பதிவேடு இருப்பதே தெரியாது. அந்நாட்டில் போஸ்ட் ஆபீஸுக்குத் தானே குற்ற வழக்குத் தொடரும் பழக்கமும் அப்போது இருந்தது. பணத்தை இழந்ததும் அது, துப்புத் துலக்கியதும் அது, வழக்குப் போட்டதும் அது. 1999-க்கும் 2015-க்கும் இடையில் 900-க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் ஆனார்கள். சுமார் 700 பேர்மேல் வழக்குப் போட்டது போஸ்ட் ஆபீஸே. தலைமுறை தலைமுறையாக நாணயமாக ஸ்டாம்பு விற்ற ஒரு வர்க்கம், கணினி வந்து இறங்கியதும் கூண்டோடு திருடர்களாகிவிட்டது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

2010 இலையுதிர் காலத்தில் போஸ்ட் ஆபீஸும் ஃபுஜிட்சுவும் உட்கார்ந்து பேசிய ஒரு கூட்டத்தின் குறிப்பு இப்போது பொதுவெளியில் கிடைக்கிறது. வரவும் செலவும் ஒத்துப்போகாத ஒரு பக் பல கிளைகளில் தெரியவந்திருந்தது. என்ன செய்யலாம் என்று வழிகளை எழுதியிருக்கிறார்கள். கிளையின் கணக்கிலேயே எண்ணை மாற்றிவிடுவது ஒரு வழி. கிளைக்குச் சொல்லாமல் மாற்றுவதில் தார்மீகச் சிக்கல் இருக்கிறது என்று பக்கத்திலேயே அவர்களே எழுதிக்கொண்டார்கள். விஷயம் பரவினால் கிளைகளுக்கு ஹொரைசன்மேல் நம்பிக்கை போகும், நடந்துகொண்டிருக்கும் வழக்குகளைப் பாதிக்கும் என்றும் எழுதினார்கள். எந்த வழக்குகளை? சர்ரேயின் வெஸ்ட் பைஃப்ளீட்டில் கிளை நடத்திய சீமா மிஸ்ராமீது 74,000 பவுண்டு திருட்டு வழக்கு அந்த அக்டோபரில்தான் கில்ஃபர்ட் நீதிமன்றத்தில் தொடங்கியது. குறிப்பு அதற்குச் சில நாள் முன்பே போஸ்ட் ஆபீஸின் சட்டப் பிரிவுக்கு வந்துவிட்டது. சீமாவின் வக்கீலுக்கு வரவில்லை. மகனின் பத்தாவது பிறந்தநாளன்று அவருக்கு 15 மாதச் சிறை. அப்போது அவர் கர்ப்பிணி. ஹொரைசனைக் குறைசொல்லும் கும்பலில் சேர நினைக்கிறவர்களுக்கு இது நல்ல பாடமாக இருக்கும் என்ற தொனியில், ஜெயித்த மகிழ்ச்சியில் போஸ்ட் ஆபீஸ் வக்கீல் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார். அந்த மின்னஞ்சல் மட்டும் போக வேண்டியவர்களுக்கெல்லாம் பிழையில்லாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இன்னொன்று. சந்தேக நபரின் இனத்தைக் குறிக்க விசாரணை அதிகாரிகளுக்குக் கொடுத்த ஒரு பட்டியல் 2023-இல் வெளியே வந்தது. அடிமை வியாபாரக் காலத்து அகராதியிலிருந்து எடுத்ததுபோன்ற சொற்கள் அதில் இருந்தன. புதிய நூற்றாண்டுக்கு வந்தும் யாரும் அதை அப்டேட் செய்யவில்லை. ஒட்டுப்போட ஆளா இல்லை அங்கே?

வெளியிலிருந்து எவரும் கிளைக் கணக்கைத் தொட முடியாது என்று போஸ்ட் ஆபீஸ் வருடக்கணக்கில் சாதித்தது. 2015-இல் ஃபுஜிட்சுவின் முன்னாள் ஊழியர் ஒருவர் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில் வந்து, முடியும், செய்தோம் என்றார். கிளைக்காரர் பெயரிலேயே பதிவை நுழைக்கவும் வழி இருந்தது. அலன் பேட்ஸ் என்பவர் வேல்ஸில் 2003-இலேயே கிளையைப் பறிகொடுத்துவிட்டு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். அவர் தலைமையில் 555 பேர் வழக்குப் போட்டார்கள். நீதிபதி ஃப்ரேசர் முதல் தீர்ப்பில் போஸ்ட் ஆபீஸைத் துவைத்துக் காயப்போட்டதும், 2019 மார்ச்சில் அது ஒரு மனுப் போட்டது: நீதிபதி பாரபட்சமானவர், விலக வேண்டும். கணினி நடுநிலையானது, கடைக்காரர் திருடர், நீதிபதி ஒருதலைப்பட்சம். மனு தள்ளுபடியானது. டிசம்பரில் வந்த தீர்ப்பு, பழைய ஹொரைசன் நம்பத்தகுந்ததாக இருக்கவேயில்லை என்றது. போஸ்ட் ஆபீஸின் வாதத்தை, பூமி தட்டை என்று இந்த நூற்றாண்டில் சாதிப்பதற்கு ஒப்பிட்டது. சமரசத் தொகை 5.775 கோடி பவுண்டு. வழக்குச் செலவுக்கும் அதற்குக் கடன் கொடுத்தவர்களுக்கும் போக, 555 பேருக்கும் சேர்த்து மிஞ்சியது சுமார் 1.2 கோடி.

அந்த வருடப் புத்தாண்டு கௌரவப் பட்டியலில், 2012 முதல் போஸ்ட் ஆபீஸை நடத்திய பாலா வெனல்ஸுக்கு சிபிஇ விருது கொடுத்திருந்தார்கள். போஸ்ட் ஆபீஸுக்கும் தர்ம காரியங்களுக்கும் செய்த சேவைக்காக. அவர் குருப்பட்டம் பெற்றவரும்கூட. பாவமன்னிப்பு அவருக்குத் தொழில்முறையில் தெரிந்த விஷயம். 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை ஒரே நாளில் ரத்து செய்தபோதுகூட விருது பத்திரமாக இருந்தது. 2024 ஜனவரியில் ஐடிவி ஒரு தொலைக்காட்சித் தொடர் போட்டது. நீதிமன்றம் இருபது வருடத்தில் செய்யாததை நடிகர்கள் நான்கு இரவில் செய்தார்கள். விருதைத் திருப்பிக் கொடுப்பதாக அறிவிப்பு வந்தது, மே மாதத்துக்குள் தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்ய நாடாளுமன்றம் தனிச்சட்டமே போட்டது. ஆக, மென்பொருளைச் சோதிக்கச் சரியான முறை யூனிட் டெஸ்ட்டிங்கும் அல்ல, இன்டக்ரேஷன் டெஸ்ட்டிங்கும் அல்ல. பிரைம் டைமில் சீரியல் எடுக்க வேண்டும்.

சர் வின் வில்லியம்ஸ் தலைமையிலான விசாரணையின் முதல் தொகுதி 2025 ஜூலையில் வந்தது. குறைந்தது 13 பேர் இதனால் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கக்கூடும் என்கிறது. இந்த இடத்தில் நையாண்டி செய்ய எனக்கு வரவில்லை. 13 வீடுகள். தன் கணக்குச் சரியென்று தெரிந்தும் அதை யாரிடமும் நிரூபிக்க முடியாமல் ஊர் முகத்தில் விழிக்கக் கூசியவர்கள். பெருக்கிக் கழிக்கிற அந்த ஃபங்ஷனை 1998-இல் படித்துத் தலையில் அடித்துக்கொண்டவர்கள் சொன்னதைக் கேட்டிருந்தால், கம்பெனிக்குச் சில மாதத் தாமதமும் கொஞ்சம் பணமும் போயிருக்கும்.

ஃபுஜிட்சுவின் ஐரோப்பியத் தலைவர் 2024 ஜனவரியில் விசாரணைக்கு வந்து, பக்குகள் இருப்பது ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்றார். இழப்பீட்டில் பங்கு கொடுக்கத் தார்மீகக் கடமை இருக்கிறது என்று எம்.பி.க்களிடமும் சொன்னார். தார்மீகக் கடமைக்கு டெட்லைன் போடுகிற வழக்கம் இந்தத் தொழிலில் கிடையாது. கணினி சரியாகவே இயங்கியிருக்கும் என்ற அந்தச் சட்ட அனுமானத்தை வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்று 2025 ஜனவரியில் நீதி அமைச்சகம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. ஏப்ரல் வரை அவகாசம் கொடுத்தது. கருத்துக் கேட்டுக்கொண்டிருந்த அந்த மாதங்களில் கிளைகளில் ஓடியது ஹொரைசன்தான். அதற்கு மாற்றாக எழுதத் தொடங்கிய மென்பொருளுக்குத் தேதி தள்ளிக்கொண்டே போயிற்று. ஃபுஜிட்சுவின் ஒப்பந்தத்தை நீட்டினார்கள்.